பொதுக் கட்டடங்களின் காபன் கணக்கு: இலண்டன் மாநகரம் தரும் பாடம்

ஒரு மாநகரத்தின் பாடசாலை, வைத்தியசாலை, நூல்நிலையம், நகர மண்டபம், தீயணைப்பு நிலையம், பொலிஸ் நிலையம் என்பன அந்நகர மக்கள் அனைவர்க்கும் உரியன. அனைவர்க்கும் உரிய பொருள் பேணுவாரின்றிப் போவது உலகியல்பு. வீட்டில் வீணே எரியும் விளக்கை அணைக்க வீட்டுக்காரன் எழுந்து செல்வான். ஏனெனில், அதற்குக் கட்டணம் செலுத்துபவன் அவனே. அரசாங்க அலுவலகத்தில் வீணே எரியும் விளக்கை அணைக்க எழுபவர் யாவர்? அங்கே விளக்கை ஏற்றுபவர் ஒருவர். கட்டணச் சீட்டில் ஒப்பமிடுபவர் மற்றொருவர். பொறிகளைப் பழுதுபார்ப்பவர் வேறொருவர். இவற்றுக்கெல்லாம் வேண்டிய பணத்தை வரியாக இறுப்பவர் பொதுமக்கள். இந்நாற்றிறத்தாரும் ஓரிடத்திற் கூடுவதில்லை. ஆதலின், பொதுக் கட்டடங்களால் விளையும் காபனீரொட்சைட்டைக் குறைத்தல் எவ்வாறு என்னும் வினா, பொறியியல் வினாவாதற்கு முன்னர், பொறுப்புப் பற்றிய வினாவாகவே எழுகின்றது.

இவ்வினாவை ஆராய்தற்கு இலண்டன் மாநகரத்தை நாம் எடுத்துக்கொண்டோம். 2021 ஆம் ஆண்டின் குடித்தொகைக் கணக்கின்படி ஏறத்தாழ 88 இலட்சம் மக்கள் வாழும் நகரம் அது. நம் பழைய மாணவர் பலர் குடியேறி வாழும் நகரமுமாம். பொதுக் கட்டடங்களின் காபன் கணக்கை ஓர் ஒழுங்கோடு எழுத முயன்ற நகரங்களுள் அஃது ஒன்று. அம்முயற்சியிற் பெற்ற வெற்றி எது, வெற்றிபோலத் தோன்றுவது எது, இன்னும் எஞ்சிநிற்கும் பணி எது என்பவற்றைப் பிரித்தறிதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ட புகையும் காணாப் புகையும்

புகையின் கொடுமையை இலண்டன் நகரம் நேரிற் கண்டது. 1952 ஆம் ஆண்டு டிசெம்பர் 5 ஆந் தேதி முதல் 9 ஆந் தேதி வரை, நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து நகரத்தைக் கவிந்தன. அக்காலக் கணிப்பின்படியே ஏறத்தாழ 4,000 பேர் அதனால் இறந்தனர். பிற்கால ஆராய்ச்சியாளர் இத்தொகையை இன்னும் உயர்த்தியுள்ளனர். அத்துன்பத்தின் பயனாக 1956 இல் தூயவளிச் சட்டம் பிறந்தது. கண்ணை மறைத்த புகையாதலால் மக்கள் அதனைக் கண்டனர், கண்டதனால் வெகுண்டனர், வெகுண்டதனாற் சட்டம் பிறந்தது.

காபனீரொட்சைட்டோ நிறமற்றது, மணமற்றது. ஒரு பாடசாலையின் கொதிகலனிலிருந்து நாளொன்றுக்கு எத்தனை கிலோகிராம் வெளியேறுகின்றது என்பதை எவரும் கண்ணாற் காணார். காணப்படாத பொருளைக் கட்டுப்படுத்த வேண்டுமாயின், அதனை முதலில் எண்ணாக மாற்றிக் காட்டுதல் வேண்டும். ஐக்கிய இராச்சியத்தின் பாராளுமன்றம் 2008 இல் நிறைவேற்றிய காலநிலை மாற்றச் சட்டம், 2050 ஆம் ஆண்டளவில் வெளியேற்றத்தை நூற்றுக்கு 80 பங்கு குறைத்தல் வேண்டுமென விதித்தது. 2019 இல் அவ்விலக்கு, தேறிய வெளியேற்றம் முற்றாக இல்லாதொழிதல் வேண்டுமெனத் திருத்தப்பட்டது. சட்டம் இலக்கைக் கூறலாம். ஆயின், ஒவ்வொரு கட்டடத்திலும் கணக்கெழுதுவோர் இல்லையேல் இலக்கு ஏட்டளவில் நின்றுவிடும்.

ஒரு கட்டடம் காபனை வெளிவிடும் இருவழிகள்

ஒரு கட்டடம் காபனீரொட்சைட்டு வெளியேறுதற்கு இருவழிகளிற் காரணமாகின்றது. ஒன்று நேர்வழி: கொதிகலனில் இயற்கைவாயுவை எரித்து நீரைச் சூடாக்கி, அந்நீரைக் குழாய்வழி அறைகளுக்குச் செலுத்திக் குளிரைப் போக்குதல். மற்றையது மறைவழி: விளக்கு, கணினி, மின்தூக்கி முதலியவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தை நாட்டு மின்வலையிலிருந்து பெறுதல். இரண்டாவதிற் புகை எழுவது கட்டடத்திலன்று, தொலைவிலுள்ள மின்நிலையத்திலேயாம்.

இவ்வேறுபாட்டை மாணவர்கள் நன்கு மனத்திற் பதித்தல் வேண்டும். பின்வரும் கணக்கு முழுவதும் இதனையே பற்றி நிற்கின்றது.

1882 இல் இலண்டன் ஓல்போண் வயடக்கு என்னும் இடத்தில் நிலக்கரியால் இயங்கும் பொது மின்நிலையம் தொடங்கியது. அன்றுதொட்டு அந்நாட்டின் மின்சாரம் நிலக்கரியைச் சார்ந்தே வளர்ந்தது. 2012 இற்கூட அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு நிலக்கரியாற் பிறந்தது. பின்னர்க் காற்றாலைகளும் சூரியக் கலங்களும் பெருகின. நிலக்கரி விரைந்து சுருங்கிற்று. 2024 செப்ரெம்பர் 30 ஆந் தேதி, எஞ்சிநின்ற இறுதி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கட்டடத்தால் விளக்குவாம். ஓர் அலுவலகம் ஆண்டொன்றில் மின்சாரம் 10 இலட்சம் அலகும், வாயு 10 இலட்சம் அலகும் செலவிடுகின்றதெனக் கொள்க. அலகு என்றது ஒரு கிலோவாற்று மணித்தியாலத்தை. அந்நாட்டு அரசாங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் மாற்றுக் காரணிகளின்படி, ஓரலகு மின்சாரத்துக்குரிய காபனீரொட்சைட்டு 2014 இல் ஏறத்தாழ 0.49 கிலோகிராம், 2023 இல் ஏறத்தாழ 0.21 கிலோகிராம். வாயுவுக்கு அன்றும் இன்றும் ஏறத்தாழ 0.18 கிலோகிராமே. ஆகவே அக்கட்டடத்தின் கணக்கு 2014 இல் மின்சாரத்துக்கு 490 தொன்னும் வாயுவுக்கு 180 தொன்னுமாக 670 தொன். 2023 இலோ மின்சாரத்துக்கு 210 தொன்னும் வாயுவுக்கு 180 தொன்னுமாக 390 தொன்.

ஈண்டு நிகழ்ந்தது யாது? அக்கட்டடத்தில் ஒரு விளக்கேனும் மாற்றப்படவில்லை. ஒரு யன்னலேனும் செப்பனிடப்படவில்லை. எனினும், காபன் கணக்கு நூற்றுக்கு 40 பங்கின் மேலாகக் குறைந்துவிட்டது. அக்கட்டடத்தின் தலைவர் தம் ஆண்டறிக்கையில் இதனைத் தம் சாதனையென எழுதுவாராயின், அவ்வெண் பொய்யன்று. ஆயின், அவர் கொள்ளும் பெருமை பொய்யாகும். அது காற்றாலை நாட்டியவர்களின் உழைப்பு. அத்துடன், முன்பு மொத்தக் கணக்கில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காயிருந்த வாயு, இப்பொழுது ஏறத்தாழச் சரிபாதியாக நிற்கின்றது. எளிதிற் குறையும் பகுதி தானே குறைந்தது. அரிதிற் குறையும் பகுதி அவ்வாறே எஞ்சியுள்ளது. பொதுப் பணத்தைக் கையாளுவோர் தாம் செய்ததையும் தமக்கு வந்து வாய்த்ததையும் வேறுவேறாக எழுதுதல் வேண்டும் என்பதே நாம் இக்கட்டுரையிற் சொல்ல விழையும் தலையாய கருத்தாகும்.

அளந்தறிதல்

அவ்வாறு வேறுபடுத்தி எழுதுதற்கு அளவை வேண்டும். 2008 ஒக்ரோபர் முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் 1,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பரப்புடைய, பொதுமக்கள் சென்றுவரும் பொதுத்துறைக் கட்டடங்கள், தாம் உண்மையிற் செலவிட்ட சக்தியை மதிப்பிட்ட சான்றிதழொன்றை வாயிலருகே யாவரும் காணத் தொங்கவிடுதல் வேண்டுமென விதிக்கப்பட்டது. 2013 இல் அவ்வெல்லை 500 சதுர மீற்றராகவும், 2015 இல் 250 சதுர மீற்றராகவும் குறைக்கப்பட்டது. பரீட்சைப் புள்ளிகளைப் போல முதல் எழுத்திலிருந்து ஏழாம் எழுத்து வரை ஏழு தரங்கள் அச்சான்றிதழில் உள. அவ்வகைக் கட்டடத்தின் பொதுவான செலவு 100 எனக் கொள்ளப்படும். 100 இற்குக் குறைந்தது நன்று, மிகுந்தது தீது. நூல்நிலையத்துக்குள் நுழையும் சிறுவனும் அந்நூல்நிலையத்தின் தரத்தைக் கண்டுகொள்ளலாம். காணாப் புகையைக் காணச் செய்யும் உபாயம் இது.

எனினும், ஆண்டுக்கொருமுறை வரும் எண் நோயை அறிவிக்குமேயன்றி நோயின் இடத்தைக் காட்டாது. பெரிய கட்டடங்களில் அரைமணிக்கு ஒருமுறை மின்செலவைப் பதியும் மானிகள் உள. அப்பதிவில், நள்ளிரவு இரண்டு மணிக்கு யாருமில்லாத அலுவலகம் நண்பகலின் செலவிற் பாதியைச் செலவிடுதல் காணப்படின், எங்கோ காற்றாடிகள் வீணே சுழல்கின்றன என்பது துணிபு. ஞாயிற்றுக்கிழமையும் திங்கட்கிழமையும் ஒரேயளவு வாயு எரியின், கொதிகலனின் நேரங்காட்டியை எவரும் நெடுநாளாகப் பார்க்கவில்லை என்பது துணிபு. இத்தகைய குற்றங்களைத் திருத்தப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பார்க்கும் கண் ஒன்றும், பொறுப்பேற்கும் ஒருவரும் வேண்டும்.

அளத்தலிலும் ஒரு நுட்பம் உண்டு. மாரி கடுமையாயின் வாயுச் செலவு கூடும், மென்மையாயிற் குறையும். ஆகவே ஈராண்டுச் செலவுகளை நேரே ஒப்பிடுதல் பிழை. இதற்காகப் ‘பாகை நாள்’ என்னும் அளவை வகுக்கப்பட்டுள்ளது. புறத்தே சராசரி வெப்பநிலை 15.5 பாகை சென்றிகிரேட்டுக்குக் கீழ் எத்தனை பாகை தாழ்கின்றதோ, அந்நாளுக்கு அத்தனை பாகை நாள். சராசரி 5.5 ஆயின் அது பத்துப் பாகை நாள். ஒரு கட்டடம் 2,000 பாகை நாள் கொண்ட ஆண்டில் 10 இலட்சம் அலகும், 1,600 பாகை நாள் கொண்ட அடுத்த ஆண்டில் 8 இலட்சத்து 80 ஆயிரம் அலகும் செலவிட்டதெனக் கொள்க. செலவு நூற்றுக்கு 12 பங்கு குறைந்ததென மகிழத் தோன்றும். ஆனால், ஒரு பாகை நாளுக்கு 500 அலகாயிருந்தது 550 அலகாகக் கூடியுள்ளது. கட்டடம் முன்னிலும் கெட்டுவிட்டது. மாரியின் மென்மை அக்கேட்டை மறைத்துவிட்டது. மின்வலையைப் போலவே வானிலையும் நமக்குப் பொய்ப்புகழ் தரவல்லது.

உறுதிமொழியோடு கூடிய ஒப்பந்தம்

குறையைக் கண்டபின் திருத்துதற்குப் பொருள் வேண்டும். ஈண்டு ஒரு பழைய இடர் உண்டு. ஒப்பந்தகாரர் புதிய பொறிகளைப் பொருத்திவிட்டுப் பணம் பெற்றுச் செல்வர்; பொறிகள் சொன்னவாறு மிச்சம் பிடித்தனவா என எவரும் திரும்பிப் பாரார். இதனை நீக்குதற்கு இலண்டன் நகரபிதாவின் ஆட்சி மன்றம் ‘றீபிற்’ என்னும் திட்டத்தை 2009 இல் முன்வைத்தது. இதன்படி, ஒப்பந்தகாரர் முதலிற் கட்டடத்தை ஆராய்ந்து, ஆண்டுக்கு இத்தனை அலகு குறையும் என எழுத்தில் உறுதி கூறுவர். வேலை முடிந்தபின், பாகை நாள் முதலியவற்றாற் செம்மைசெய்த கணக்கைக் கொண்டு உண்மைக் குறைவு அளக்கப்படும். உறுதி கூறியதிற் குறைந்தால், அக்குறையை ஒப்பந்தகாரரே ஈடுசெய்தல் வேண்டும்.

பெருநகரப் பொலிஸ், தீயணைப்புப் படை, போக்குவரத்துச் சபை முதலியவற்றுக்குரிய 42 கட்டடங்களில் இம்முறை முதலிற் சோதிக்கப்பட்டது. அவற்றிற் சக்திச் செலவு ஏறத்தாழ நூற்றுக்கு 28 பங்கு குறைந்தது. இட்ட முதல் ஏறத்தாழ ஏழாண்டில் மீளத்தக்கதாயிருந்தது. பின்னர்ப் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் பல்கலைக்கழகங்களும் இம்முறையைக் கைக்கொண்டன. அங்கே செய்யப்பட்டவை வியப்புக்குரிய வேலைகளல்ல: எல்.ஈ.டி. என்னும் ஒளிகாலும் இருவாயி விளக்குகள், கூரைக்கும் குழாய்களுக்கும் வெப்பக் காப்பு, காற்றாடிகளின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் கருவிகள், செவ்வனே இயங்கும் நேரங்காட்டிகள். புதுமை பொறியில் இல்லை. பொறுப்பை ஒருவர்மேற் சுமத்திய ஒப்பந்தத்திலே இருந்தது. நம் முதற் பந்தியிற் கூறிய நாற்றிறத்தாரையும் ஒரே மேசையில் இருத்தியது அவ்வொப்பந்தமே எனலாம்.

வெப்பம் என்னும் பெரும்பணி

இனி எஞ்சியுள்ள அரிய பகுதிக்கு வருவாம். இலண்டனின் மாரியில் அறைகளைச் சூடாக்காது வாழ்தல் இயலாது. வாயுக் கொதிகலனுக்கு மாற்றாக இன்று கொள்ளப்படுவது வெப்பப் பம்பி. குளிரேற்றி தன்னுள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்புறத்தால் வெளிவிடுவதுபோல, வெப்பப் பம்பி புறக்காற்றிலோ நிலத்திலோ உள்ள வெப்பத்தை எடுத்துக் கட்டடத்தினுள்ளே சேர்க்கின்றது. மின்சாரம் ஓரலகு செலவிட்டு வெப்பம் மூன்றலகு பெறலாம்.

முற்கூறிய அலுவலகத்துக்கே மீண்டும் செல்வாம். 10 இலட்சம் அலகு வாயுவிலிருந்து, நூற்றுக்கு 85 பங்கு திறனுடைய கொதிகலன் 8 இலட்சத்து 50 ஆயிரம் அலகு வெப்பந் தரும். அதே வெப்பத்தை வெப்பப் பம்பியாற் பெற ஏறத்தாழ 2 இலட்சத்து 83 ஆயிரம் அலகு மின்சாரம் போதும். 2023 ஆம் ஆண்டின் காரணியால் அதன் காபன் ஏறத்தாழ 60 தொன். 180 தொன் 60 தொன்னாகக் குறைந்தது. இக்குறைவு அக்கட்டடத்தினுடையதே, மின்வலை தூய்மையுறுந்தோறும் இன்னும் குறையும்.

ஆயின் தடை யாது? விலை. அந்நாட்டில் ஓரலகு மின்சாரத்தின் விலை ஓரலகு வாயுவின் விலையிலும் மூன்று மடங்குக்கு மேல். சிலபோது நான்கு மடங்கு. நான்கு மடங்கெனக் கொண்டால், 2 இலட்சத்து 83 ஆயிரம் அலகு மின்சாரத்தின் விலை 11 இலட்சம் அலகு வாயுவின் விலையையும் விஞ்சிவிடும். காபன் மூன்றிலொன்றாகியும் கட்டணம் கூடிவிட்டது! நிதி குறைந்த ஒரு பாடசாலை அதிபர் இதற்கு எவ்வாறு இசைவார்? அக்கூடுதல் பணம் புத்தகத்திலிருந்தோ ஆசிரியர் சம்பளத்திலிருந்தோ வருதல் வேண்டுமன்றோ?

இங்கேதான் வரிசை முறையின் சிறப்பு வெளிப்படுகின்றது. பம்பியைப் பொருத்துமுன், கூரையை மூடி, யன்னற் கசிவுகளை அடைத்து, நேரங்களைச் சீர்செய்து, வெப்பத் தேவையை மூன்றிலொரு பங்கு குறைத்தோமெனக் கொள்க. அப்பொழுது வேண்டிய மின்சாரம் ஏறத்தாழ 1 இலட்சத்து 89 ஆயிரம் அலகு. அதன் விலை ஏறத்தாழ 7 இலட்சத்து 56 ஆயிரம் அலகு வாயுவின் விலைக்கே சமம். பழைய கட்டணத்திலும் குறைவு. காபனோ 40 தொன். வாங்கவேண்டிய பம்பியும் சிறிது. மேலும், கொதிகலன் 70, 80 பாகை வெந்நீரை அனுப்பும். வெப்பப் பம்பியோ 50 பாகையளவிலேயே நன்கு தொழிற்படும். வெப்பக் கசிவு குறைந்த கட்டடத்துக்கே அவ்விளஞ்சூடு போதும். முதலில் அளத்தல், இரண்டாவது தேவையைக் குறைத்தல், மூன்றாவது மூலத்தை மாற்றல் என்னும் இவ்வரிசையைத் தலைகீழாக்கியவர் பொதுப் பணத்தை இழப்பர்.

இது சொல்லுதற்கு எளிது. இலண்டனிற் செய்தற்கு அரிது. 1870 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தால் தோன்றிய இலண்டன் பாடசாலைச் சபை கட்டிய உயர்ந்த செங்கற் பாடசாலைகள் பல இன்னும் அங்கே பயன்பட்டு வருகின்றன. சிறுவர்க்கு வெளிச்சமும் காற்றும் வேண்டுமென்னும் நல்லெண்ணத்தாற் கட்டப்பட்ட நெடிய யன்னல்களே இன்று வெப்பம் தப்பியோடும் வழிகளாயின. அவற்றின் சுவர்கள் இடைவெளியற்ற திண்சுவர்கள். அவ்விடைவெளியில் வெப்பக் காப்பு நிரப்புதல் இயலாது. அவற்றுட் சில சட்டத்தாற் பேணப்படும் மரபுக் கட்டடங்களாதலின், தோற்றத்தை மாற்றுதற்கும் அனுமதி எளிதிற் கிடையாது. இடித்துப் புதிது கட்டலாமே எனின், புதிய உருக்கும் சீமெந்தும் கண்ணாடியும் ஆக்குதற்கு எரியும் காபனும் கணக்கிற் சேரும். ஆகவே, ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி மருத்துவமே வேண்டும்.

கட்டடந்தோறும் தனிப் பொறி வையாது, பல கட்டடங்களுக்கு ஓரிடத்திலிருந்து வெப்பம் அனுப்பும் வழியும் உண்டு. 1950 இல் இலண்டன் பிம்லிக்கோப் பகுதியில் இவ்வழி தொடங்கியது. தேம்சு நதியின் எதிர்க்கரையிலிருந்த பற்றேசி மின்நிலையத்தின் கழிவு வெப்பம் நதியின் கீழாகக் குழாய்வழி வந்து வீடுகளைச் சூடாக்கிற்று. 2020 இல் இசுலிங்டன் பகுதியிலுள்ள பன்கில் என்னுமிடத்தில், நிலக்கீழ்ப் புகையிரதப் பாதையின் காற்றுப்போக்கிவழி வெளியேறும் வெப்பக் காற்றிலிருந்து வெப்பம் எடுத்து, வீடுகளுக்கும் ஒரு பாடசாலைக்கும் இரு பொது உடற்பயிற்சி நிலையங்களுக்கும் அனுப்பும் நிலையம் திறக்கப்பட்டது. வீணே போனதைப் பயனாக்கும் அறிவு அந்நகரத்துக்குப் புதிதன்று. எழுபது ஆண்டுகளின்பின் அது வேறுருவில் மீண்டு வந்துள்ளது.

முடிவுரை

இலண்டனின் கணக்கை நாம் மூன்று பத்திகளாகப் பிரித்துக் காணலாம். மின்வலை தூய்மையானதால் வந்த குறைவு ஒன்று; அது நாடு தந்த கொடை. அளந்தும், ஒப்பந்தம் எழுதியும், விளக்கும் காப்பும் மாற்றியும் பெற்ற குறைவு இரண்டாவது. அது பொதுத்துறையின் உண்மைச் சாதனை. வாயுக் கொதிகலன்களால் எழும் வெளியேற்றம் மூன்றாவது. அதன் பெரும்பகுதி இன்னும் நிலுவையிலுள்ள கடன். முதற் பத்தியைக் காட்டி மூன்றாம் பத்தியை மறைத்தல் நேர்மையன்று. கடனை மறைத்தவர் கடனைத் தீர்த்தவராகார்.

நம் நாட்டில் அறைகளைச் சூடாக்கும் தேவை இல்லை. நமக்குரியது குளிரூட்டும் கேள்வி. எனினும், அளவை, குறைப்பு, மாற்றம் என்னும் வரிசை எந்நாட்டுக்கும் ஒன்றே. பாடசாலையொன்றின் மாதாந்த மின்கட்டணச் சீட்டுகளை ஓராண்டுக்குச் சேர்த்து வரைபடமாக வரைதல் ஒரு வகுப்பு மாணவர்க்கு இயலாத காரியமன்று. விடுமுறை மாதத்தில் அக்கோடு எதிர்பார்த்தவாறு தாழ்கின்றதா என நோக்குதலே முதற்பாடம். தாழவில்லையாயின், ஏன் என வினவுதல் இரண்டாம் பாடம். அவ்வினாவுக்கு விடை கூறும் பொறுப்பை ஒருவர் ஏற்பாராயின், அதுவே மூன்றாம் பாடம். இம்மூன்றாவதை எப்பொறியும் நமக்குக் கற்பித்துத் தாராது. கல்வியும் பழக்கமுமே தரவல்லன. பொதுப்பொருளைத் தன்பொருள் போலப் பேணும் மாணவரை ஆக்குதல் கல்லூரிகளின் தலைக்கடனாதலின், இப்பாடம் விழா மலரொன்றில் இடம்பெறுதற்கு உரியதென நாம் கருதுகின்றோம்.